‘பரீட்சைன்னாதான் உனக்குத் தலைவலி வருமா?’

நாள்பட்ட தலைவலியோடு வளரும் பிள்ளைகளும், மருந்துச் சீட்டில் எழுதப்படாத பாதி வைத்தியமும்

‘தலை வலிக்குதும்மா’ என்று பிள்ளை சொன்னதும் நம் வீடுகளில் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. ‘நேத்து ராத்திரி போன் பாக்கும்போது வலிக்கலையா? பரீட்சைன்னாதான் உனக்குத் தலைவலி வருமா?’ என்பது ஒன்று. இன்னொன்றில் பேச்சே இருக்காது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், தைலம் வரும், ஜன்னலைச் சாத்துவார்கள், பாட்டி சுக்கை உரசிப் பற்றுப் போடுவார், அப்பா பள்ளிக்கு போன் போட்டு லீவு சொல்வார். முதல் பதிலில் சந்தேகம், இரண்டாவதில் பதற்றம். இரண்டுமே அக்கறையில் பிறந்தவைதான். எப்போதாவது வரும் தலைவலிக்கு இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால், மாதத்தில் பாதி நாள் தலைவலியோடு எழுந்திருக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டு பதில்களும் பாதகமாக முடிகின்றன. வலி எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அந்த வலியைப் பற்றிப் பிள்ளை என்ன நினைக்கிறது, எதற்குப் பயப்படுகிறது, சுற்றியிருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பவைதான் அதன் படிப்பையும் விளையாட்டையும் தூக்கத்தையும் பல நேரங்களில் தீர்மானிக்கின்றன. முப்பது ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டுவரும் உண்மை இது. நம் வீட்டுக் கூடத்துக்கும் பள்ளி ஸ்டாஃப் ரூமுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கும் மேலாகத் தலைவலி தொடர்ந்தால் அது நாள்பட்ட தலைவலி. பிள்ளைகளிடம் பெரும்பாலும் அது மைக்ரேனாக இருக்கும், அல்லது நெற்றியையும் பின்கழுத்தையும் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தலைவலியாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வலித்தால்தான் மைக்ரேன் என்று பலரும் நினைக்கிறோம். சிறு பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். இரண்டு மணி நேரத்திலேயே அடங்கியும் விடலாம். வாந்தி வரும், வெளிச்சம் பிடிக்காது, சத்தம் பிடிக்காது, தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும். ‘இப்பதானே அழுதா, அதுக்குள்ள எப்படிச் சரியாச்சு?’ என்ற சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது.

வயதுக்கு வரும்வரை ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கப்படுகிறார்கள். அதன் பிறகு பெண்களின் பங்கு இரண்டு மூன்று மடங்காக ஏறுகிறது. 15 முதல் 49 வயது வரையான பெண்களை உலகில் மிக அதிகமாக முடக்கிப்போடும் நோய் மைக்ரேன் என்பது 2019-க்கான உலக நோய்ச்சுமை ஆய்வின் கணக்கு. பெங்களூருவிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையானவர்களிடம் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நடத்திய கணக்கெடுப்பில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25 சதவீதம் பேர், நான்கில் ஒருவர். அவர்களில் பலருக்கும் அது பள்ளி நாள்களிலேயே தொடங்கியிருக்கும். ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்பதும் பாதிதான் உண்மை. ஸ்வீடனின் உப்சாலா நகரில் குழந்தை மருத்துவர் போ பில்லே ஏறத்தாழ 9,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1962-ல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் கடும் மைக்ரேன் இருந்த 73 பேரை 40 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார். ஐம்பது வயதை எட்டியபோதும் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது போகவில்லை. ஆகவே, இந்த வலியோடு எப்படி வாழ்வது என்பதைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்வதற்கு ஒரு வாழ்நாளின் மதிப்பு உண்டு.

‘ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே!’

தலைவலிக்காரப் பிள்ளையின் குடும்பம் நடக்கும் பாதை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முதலில் கண்ணாடிக் கடையோ கண் டாக்டரோ. பவர் இல்லை, அல்லது கால் பவர். கண்ணாடி போட்டும் வலி நிற்பதில்லை. அடுத்தது சைனஸ். நீர் கோத்திருக்கிறது, தலைக்குக் குளிக்காதே, ஃபேனுக்கு நேராகப் படுக்காதே. அமெரிக்காவில் தங்களுக்கு ‘சைனஸ் தலைவலி’ என்று நம்பிக்கொண்டிருந்த 2,991 பேரைப் பரிசோதித்து 2004-ல் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேரின் அறிகுறிகள் மைக்ரேன் வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. அவர்கள் பெரியவர்கள், ஆனாலும் நம் ஊரில் சைனஸ் என்று சொல்லப்பட்டு வளரும் பிள்ளைகளின் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய எண் இது.

கடைசியில் ஸ்கேன். கடன் வாங்கியாவது எடுத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர், ‘எல்லாம் நார்மல், பயப்பட ஒண்ணுமில்ல’ என்கிறார். பெற்றோருக்கு உயிர் வருகிறது. ஆனால், பிள்ளையின் காதில் அது வேறு விதமாக விழுகிறது: எனக்கு ஒன்றுமில்லை என்றால், நான் பொய் சொல்கிறேனா? வீடு திரும்பும் வழியிலேயே அந்தக் கேள்வி பெரியவர்கள் வாயிலிருந்தும் வந்துவிடுவதுண்டு. ‘இவ்ளோ செலவு பண்ணியாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இனிமே தலைவலின்னு சொல்லாத.’

ஸ்கேன் காட்டுவது மூளையின் அமைப்பை. கட்டி இருக்கிறதா, ரத்தக் கசிவு இருக்கிறதா என்று அது சொல்லும். மைக்ரேனையோ டென்ஷன் தலைவலியையோ காட்டும் வேலை அதற்குக் கிடையாது. மூளைத் திசுவுக்கே வலி உணரும் நரம்புகள் இல்லை. மூளையைச் சுற்றியிருக்கும் உறையிலும் ரத்தக் குழாய்களிலும் அவை இருக்கின்றன. முப்பெருநரம்பு என்று மருத்துவம் சொல்லும் பெரிய நரம்பின் வழியே அங்கிருந்து செய்தி மூளைத் தண்டுக்குப் போகிறது. அந்தச் செய்தியைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் மூளையின் கையில் இருக்கிறது. 1965-ல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முதன்முதலாக இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள்: தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, கவனமும் உணர்ச்சியும் பழைய அனுபவமும் மேலிருந்து அதைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன என்றார்கள். பிறகு வந்தவர்கள் அதில் பல திருத்தங்கள் செய்தார்கள். மேலிருந்து கீழாக ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்ற அடிப்படை மட்டும் நிலைத்துவிட்டது.

திருடனைக் கண்டு குரைத்துப் பழகிய வீட்டு நாய், கொஞ்ச நாளில் பால்காரரைக் கண்டும் குரைக்க ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் வலித்த தலையின் நரம்பு மண்டலமும் அப்படி ஆகிவிடுகிறது. தூக்கம் ஒரு மணி நேரம் குறைந்தால், காலைச் சாப்பாடு தவறினால், வகுப்பில் யாரோ ஒருவர் முகம் கோணினால்கூட அது வலியை எழுப்புகிறது. அந்த வலி முழுக்க முழுக்க உண்மையானது. உடலில் காயம் இருந்தால்தான் வலி என்றில்லை என்பதை உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய தன் வரையறையிலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வலி எப்போதுமே உடலும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம். மனம் இதில் பங்கெடுக்கிறது என்று சொன்னால், பிள்ளை நடிக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வலியைப் பெரிதாக்கும் எண்ணங்கள்

கனடாவில் உளவியலாளர் மைக்கேல் சல்லிவனும் உடன் பணியாற்றியவர்களும் 1995-ல் 13 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். வலிக்கும்போது மனதில் என்ன ஓடுகிறது என்பதை அளப்பது அதன் நோக்கம். எட்டு ஆண்டுகள் கழித்து பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் பிள்ளைகளுக்கென்று அதைத் திருத்தினார்கள். மூன்று வகை எண்ணங்களை அது தேடுகிறது. வலியைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் அதையே சுற்றிச்சுற்றி வருவது ஒன்று. ‘மூளையில ஏதோ பெருசா இருக்கு, டாக்டர் மறைக்கிறாங்க’ என்று வலியை ஊதிப் பெரிதாக்குவது இன்னொன்று. ‘இது போகவே போகாது, என்னால ஒண்ணும் பண்ண முடியாது’ என்று கைவிட்டுவிடுவது மூன்றாவது. ஒரே அளவு வலி உள்ள இரண்டு பிள்ளைகளில், இந்த எண்ணங்கள் அதிகம் உள்ள பிள்ளைதான் அதிகம் முடங்குகிறது. இந்தக் கேள்வித்தாளை வைத்து உலகெங்கும் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதை.

எண்ணத்திலிருந்து பயம். பயத்திலிருந்து ஒதுங்கல். நெதர்லாந்தின் யோஹன் விளாயெனும் ஸ்வீடனின் ஸ்டீவன் லின்டனும் 2000-ல் முதுகுவலிக்காரர்களை மனதில் வைத்து விளக்கிய இந்தச் சுழல், தலைவலிப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். திங்கள்கிழமை வகுப்பில் தலைவலி வந்து, வாந்தி எடுத்து, எல்லார் முன்னாலும் கூனிக் குறுகிப் போகிறாள். செவ்வாய்க்கிழமை எழுந்ததும் லேசாகத் தலை கனக்கிறது. ‘நேத்து மாதிரி ஆயிடுமோ’ என்ற பயம் வருகிறது. வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். பத்து மணிக்குள் பயம் விலகுகிறது, தலையும் லேசாகிறது. ‘லீவு போட்டதால் தப்பித்தேன்’ என்று அவள் உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது. புதன்கிழமை, விட்டுப்போன கெமிஸ்ட்ரி நோட்ஸ், ‘எங்க போன?’ என்ற தோழிகளின் கேள்வி, டீச்சரின் பார்வை எல்லாம் சேர்ந்து பள்ளியை இன்னும் பயங்கரமாக்குகின்றன. மூன்று மாதத்தில் வாலிபால் நின்றுவிடுகிறது. கல்யாண வீடுகளுக்குப் போவது நின்றுவிடுகிறது. பகலில் படுப்பதால் இரவில் தூக்கம் வருவதில்லை. தூக்கமின்மை மறுநாள் வலியைக் கூட்டிவருகிறது. இதில் எந்த இடத்திலும் அவள் நடிக்கவில்லை. வலியைக் குறைத்துக்கொள்ள ஒவ்வொரு நாளும் தன்னால் ஆனதைச் செய்தாள். அன்றன்றைக்கு உதவிய வழியே மொத்தத்தில் அவளைக் கட்டிப்போட்டுவிட்டது.

படிப்பிலிருந்து தப்பிக்கத்தான் தலைவலி என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகளில் கணிசமானவர்கள் முதல் ரேங்க்காரர்கள். ஒரு மதிப்பெண் குறைந்தால் உலகமே இடிந்துவிட்டதாக நினைப்பவர்கள். நோட்டில் ஓர் அடித்தல் விழுந்தால் பக்கத்தையே கிழித்து மறுபடி எழுதுபவர்கள். பள்ளியை வெறுப்பதால் இவர்களுக்கு வலி வருவதில்லை. பள்ளியில் சறுக்கிவிடுவோமோ என்ற பயம் இவர்களை ஒரு நிமிஷமும் தளர விடுவதில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் ரிச்சர்ட் லிப்டன் குழு 2014-ல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், மைக்ரேன் உள்ள பெரியவர்கள் தினமும் தங்கள் மனஅழுத்தத்தைக் குறித்துவந்தார்கள். அழுத்தம் ஏறியபோது அல்ல, சட்டென்று இறங்கியபோதுதான் அடுத்த சில மணி நேரத்தில் தலைவலி வரும் வாய்ப்பு பெரிதும் கூடியது. பரீட்சை முடிந்த மறுநாளும், டூர் போகும் நாளிலும், ஞாயிற்றுக்கிழமையும் தலைவலி வரும் பிள்ளைகளைக் கவனித்த அம்மாக்களுக்கு இது வியப்பாக இருக்காது. தப்பிக்க நினைப்பவருக்கு லீவு நாளில் ஏன் வலிக்க வேண்டும்?

அதற்காகப் பள்ளிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கில் இத்தாலியில் பள்ளிகள் மூடியபோது, அங்கே தலைவலிக்குச் சிகிச்சையில் இருந்த பிள்ளைகளில் பலருக்கு வலியின் கடுமையும் எண்ணிக்கையும் குறைந்தன. படிப்பின் அழுத்தமும் பதற்றமும் குறைந்ததையே மருத்துவர்கள் முக்கியக் காரணமாகக் கண்டார்கள். காலை ஐந்து மணிக்கு டியூஷன், மாலை ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிறு நீட் கோச்சிங் என்று ஓட வைத்துவிட்டு, எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டிய பதினாறு வயதுப் பிள்ளையை ஐந்து மணி நேரம் தூங்க வைத்துவிட்டு, அதன் மனதை மட்டும் சரிசெய்யப் பார்ப்பது நியாயம் ஆகாது. பிள்ளை மாற வேண்டியது கொஞ்சம். நாம் மாற வேண்டியதும் கொஞ்சம்.

அம்மாவின் குரலுக்கு இருக்கும் சக்தி

பெற்றோர் பதறினால் பிள்ளைக்கு வலி கூடுமா? கனடாவில் கிறிஸ்டின் சேம்பர்ஸ் குழுவினர் இதை நேரடியாகவே சோதித்தார்கள். ஆய்வு 2002-ல் வெளியானது. 8 முதல் 12 வயது வரையான 120 ஆரோக்கியமான பிள்ளைகள் குளிர்ந்த நீரில் கையை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மாக்கள் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு சாராருக்கு, வலியைப் பற்றியே பேசவும் அனுதாபம் காட்டவும் ஆறுதல் சொல்லவும் பயிற்சி. இன்னொரு சாராருக்கு, பேச்சை வேறு பக்கம் திருப்பவும் ‘உன்னால முடியும்’ என்று ஊக்கம் தரவும் பயிற்சி. மூன்றாவது சாராருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்த அம்மாக்களின் மகள்கள் எல்லாரையும்விட அதிகம் வலித்ததாகச் சொன்னார்கள். பேச்சை மாற்றிய அம்மாக்களின் மகள்கள் எல்லாரையும்விடக் குறைவாக. மகன்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு எந்த அம்மாவும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். மைக்ரேன் குடும்பத்தில் ஓடும் நோய். பிள்ளையின் நெற்றியில் தைலம் தடவும் அந்தத் தாய்க்கே இருபது வருஷமாக அதே வலி இருக்கலாம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சோறு வடித்தவராக இருக்கலாம். தான் பட்டது பிள்ளையும் படக்கூடாது என்று பதறுவது இயல்பு. ஆனால், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘இப்ப எப்படி இருக்கு கண்ணு, இன்னும் வலிக்குதா?’ என்று கேட்கும்போது பிள்ளையின் கவனம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வலிக்கே திரும்புகிறது. அம்மாவே பயப்படுகிறாள் என்றால் விஷயம் பெரியதுதான் என்று அது முடிவு செய்கிறது. லீவும் டிவியும் வீட்டு வேலையிலிருந்து விலக்கும் வலிக்கிற நாளில் மட்டுமே கிடைத்தால், வலிக்கிற நாளே வீட்டில் நிம்மதியான நாளாகிவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1976-ல் எழுதிய நூலில் இதை விளக்கினார்: நோயாளியின் நடத்தையைச் சுற்றியிருப்பவர்களின் எதிர்வினை உருவாக்குகிறது, நோயாளிக்கே தெரியாமல்.

செய்யக்கூடியது எளிமையானது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். ஒரு முறை கேளுங்கள். சொன்னதை நம்புங்கள். ‘வலிக்குதுன்னு தெரியுது. மாத்திரை போட்டுட்டு அரை மணி நேரம் படு, அப்புறம் ரெண்டாவது பீரியடுக்குப் போயிடலாம்’ என்று அடுத்து என்ன செய்வது என்பதைப் பேசுங்கள். அதற்குமேல் வலியை விசாரிக்க வேண்டாம். வலியோடு அது செய்து முடித்ததைக் கவனித்துப் பாராட்டுங்கள். வலிக்காத நாள்களில் கூடுதலாக நேரம் கொடுங்கள்.

மாத்திரை எவ்வளவு தூரம்?

பிள்ளைகளின் மைக்ரேனைத் தடுக்கத் தினசரி கொடுக்கப்படும் மருந்துகளில் அமிட்ரிப்டிலினும் டோபிரமேட்டும் மிகவும் பழக்கமானவை. இவற்றை மருந்தே இல்லாத மாவு மாத்திரையோடு ஒப்பிட்டு அமெரிக்காவின் 31 மருத்துவமனைகளில், 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலின் எடுத்தவர்களில் 52 சதவீதம், டோபிரமேட் எடுத்தவர்களில் 55 சதவீதம், மாவு மாத்திரை எடுத்தவர்களில் 61 சதவீதம். மேலும் தொடர்ந்து பயனில்லை என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பக்கவிளைவுகள் மருந்து எடுத்தவர்களுக்குத்தான் அதிகம். 2017-ல் முடிவு அச்சானபோது தலைவலி மருத்துவர்கள் நெடுநாள் இதைப் பற்றியே பேசினார்கள்.

மருந்து வீண் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. மூன்று குழுவிலும் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு மருத்துவக் குழு கவனமாகக் கேட்கிறது, தினமும் குறிப்பெழுதச் சொல்கிறது, சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு வீட்டில் பிறக்கிறது. இவற்றுக்கும் உடலில் வேலை செய்யும் சக்தி இருக்கிறது. 1978-லேயே சான் பிரான்சிஸ்கோவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் பல் பிடுங்கியவர்களிடம் இதைக் காட்டினார்கள். மருந்தில்லாத ஒன்றை மருந்தென்று நம்பி வலி குறைந்தவர்களுக்கு, உடலின் சொந்த வலிநிவாரணியைத் தடுக்கும் நலோக்ஸோனைச் செலுத்தியபோது வலி திரும்பியது. எதிர்பார்ப்பு மூளையில் ரசாயனமாகவே மாறுகிறது.

அமிட்ரிப்டிலின், டோபிரமேட் சோதனைக்குத் தலைமை வகித்த சின்சினாட்டி மருத்துவக் குழு 2013-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 10 முதல் 17 வயது வரையான 135 பேர். 28 நாளில் சராசரியாக 21 நாள் தலைவலி. எல்லாருக்கும் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு அதோடு, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை பத்து அமர்வுகள். மறுபாதிக்கு அதே எண்ணிக்கையில் தலைவலி பற்றிய வகுப்புகள். இருபதாவது வாரத்தில் முதல் குழுவின் தலைவலி நாள்கள் 11.5 குறைந்தன, இரண்டாவது குழுவில் 6.8. மனதுக்கான பயிற்சி மாதத்தில் கிட்டத்தட்ட ஐந்து நாள்களைக் கூடுதலாக மீட்டுக்கொடுத்தது. பள்ளிக்கூடம் நடக்கும் ஒரு முழு வாரம். இந்தத் துறையின் எல்லா ஆய்வுகளையும் தொகுத்த 2018-ன் காக்ரேன் மதிப்பீடு, உளவியல் சிகிச்சை முடிந்த கையோடு தலைவலி குறைவது தெளிவு, அது நீடிப்பதற்கான சான்று பலமாக இல்லை என்று எச்சரிக்கிறது. பயிற்சியை இடையிடையே புதுப்பிக்க வேண்டும் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்?

மனநலச் சிகிச்சை என்றதும் பலருக்கும் தோன்றுவது ‘என் பிள்ளைக்குப் பைத்தியமா?’ என்ற கோபம். அந்த அறைக்குள் நடப்பது பெரும்பாலும் உடற்பயிற்சி வகுப்புக்கு நெருக்கமான ஒன்று. வயிற்றால் மூச்சுவிடப் பழக்குகிறார்கள். கை, தோள், தாடை என்று ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தச் சொல்கிறார்கள்; எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு நூற்றாண்டுக்கு முன் வகுத்த முறை இது. சில இடங்களில் விரல்நுனியின் வெப்பத்தைத் திரையில் காட்டி, மனதைத் தளர்த்தி அதை ஏற்றிக் காட்டச் சொல்கிறார்கள். தன் உடம்பு தன் சொல்லைக் கேட்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளையின் நம்பிக்கை மாறிவிடுகிறது.

அடுத்தது எண்ணங்கள். ‘இன்னைக்கும் போச்சு’ என்ற நினைப்பு வரும்போது அதை அடையாளம் காணவும், ‘போன தடவை வலிச்சப்பவும் ரெண்டு பீரியட் உக்காந்தேனே’ என்று தனக்கே பதில் சொல்லவும் பழக்குகிறார்கள். அதன்பின் படிப்படியாகத் திரும்புதல்: முதல் வாரம் தினமும் இரண்டு பீரியட், அடுத்த வாரம் மதியம் வரை. வலி முழுக்கப் போகட்டும், பிறகு பள்ளிக்குப் போகலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வருவதில்லை. முதலில் வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும். வலி அதற்குப் பிறகே மெல்லக் குறையத் தொடங்கும். பெற்றோர்கள் ஒப்புக்கொள்ள மிகவும் கஷ்டப்படும் விஷயம் இது.

‘என்னால் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கையும், வலி இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வதும் பிள்ளைகளைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு தனித்தனி பலங்கள் என்று பாஸ்டனில் நாள்பட்ட தலைவலியுள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்வு சொல்கிறது. ஏற்றுக்கொள்வது என்றால் தலையெழுத்து என்று உட்கார்ந்துவிடுவது ஆகாது. வலியோடு மல்லுக்கட்டுவதில் செலவாகும் சக்தியை நண்பர்களுக்கும் படிப்புக்கும் பாட்டுக்கும் திருப்புவது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ரிக்கார்டு விக்செல் இந்த வழியில்தான் நாள்பட்ட வலியுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்துப் பலன் கண்டார்.

சில தலைவலிகளுக்குப் பின்னால் சொல்லப்படாத கதை இருக்கிறது. வகுப்பில் கேலியும் அடியும், ஹாஸ்டலில் மிரட்டல், வீட்டில் தினமும் நடக்கும் சண்டை, யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் தொல்லை. உடம்பு வலிக்கிறது என்று சொல்ல நம் வீடுகளில் அனுமதி இருக்கிறது. மனசு வலிக்கிறது என்று சொல்ல இல்லை. மிச்சிகனில் 21 முதல் 30 வயது வரையான இளைஞர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த நவோமி பிரெஸ்லாவ், மைக்ரேன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மைக்ரேனும் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார். எல்லாத் தலைவலிக்கும் ரகசியம் ஒன்று இருக்கும் என்று துருவ வேண்டாம். ஆனால், பேச்சு குறைந்து, சாப்பாடு குறைந்து, ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்று சொல்லும் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-க்குக் கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

எச்சரிக்கை இரண்டு. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளும், பல மருந்துகள் சேர்ந்த மாத்திரையை 10 நாளும் அல்லது அதற்கு மேலும் மூன்று மாதங்களுக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். 16 வயதுக்குள் ஆஸ்பிரின் கலந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். இரண்டாவது: இடி விழுந்ததுபோல் திடீரெனத் தாக்கும் வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடியற்காலை வாந்தி, பார்வை மங்குதல், வலிப்பு, கைகால் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் மனதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தலைவலி என்று சொல்லும் மாணவரை வீட்டுக்கு அனுப்ப போனை எடுப்பதற்கு முன், ஓர் அமைதியான அறையில் இருபது நிமிஷம் படுக்க இடம் கொடுங்கள், தண்ணீர் குடிக்க விடுங்கள், பிறகு வகுப்புக்குத் திரும்பச் சொல்லுங்கள். விட்டுப்போன பாடத்துக்குத் தண்டனை தராமல் நோட்ஸ் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. அரசு செலவு செய்ய வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: தலைவலிக்காரப் பிள்ளைகள் வரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவுகளில், வாரத்தில் ஒரு நாளாவது ஓர் உளவியலாளர் உட்கார வேண்டும்.

பெற்றோர்களே, ஸ்கேன் நார்மல் என்று டாக்டர் சொன்னதும் நிம்மதியோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ‘இவ திரும்ப தினமும் ஸ்கூலுக்குப் போக நாங்க என்ன செய்யணும் டாக்டர்? எந்த சைக்காலஜிஸ்ட்டைப் பாக்கணும்?’ என்று, பிள்ளையின் காதில் விழும்படி, அங்கேயே கேளுங்கள்.